ஆலை விஷத்தை அழிப்பதில்லை

1987-ஆம் ஆண்டில் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் காலந்தவறிப் பெய்த மழையினால் கோதுமை கெட்டது. பூஞ்சணம் பிடித்த அத்தானியத்தை அரைத்துச் சுட்ட ரொட்டியை உண்டவர்கள் பலருக்கு வயிற்று வலியும், தொண்டை எரிச்சலும், வயிற்றுப்போக்கும் கண்டன. மாவு மாதிரிகளைச் சோதித்த ஆராய்ச்சியாளர்கள் அவற்றில் டியாக்சிநிவலினால் என்னும் காளான் விஷமும், அதன் இனத்தைச் சேர்ந்த வேறு சில விஷங்களும் இருக்கக் கண்டு, 1989-இல் அதனை வெளியிட்டனர். மிகக் கெட்ட மாதிரியில் அவ்விஷம் கிலோவுக்கு 8 மில்லிகிராமுக்கும் மேல் இருந்தது. இன்று நம் நாட்டில் கோதுமைக்கு விதித்துள்ள வரம்பு கிலோவுக்கு 1 மில்லிகிராம்.

ஆலையில் அரைபட்டு, அடுப்பிலும் வெந்த பின்னர் விஷம் எவ்வாறு எஞ்சும் என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். காளான் வெப்பத்தில் மடியும். அது தானியத்தில் விட்டுச் சென்ற விஷமோ ரொட்டி சுடும் சூட்டுக்கு அழிவதில்லை. அரைவையும் அதனை அழிப்பதில்லை. ஆலை செய்வதெல்லாம் பங்கீடு ஒன்றே. எந்தப் பங்கு யாருக்குப் போகிறது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

இவ்விஷத்தைத் தருவது ஃபியூசேரியம் என்னும் காளான். கோதுமை பூக்கும் தருணத்தில் ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்தால் அது கதிரைப் பற்றுகிறது. பற்றிய மணி முற்றாமல் சுருங்கி, சுண்ணாம்புபோல் வெளுத்தோ இளஞ்சிவப்பு ஏறியோ நிற்கும். அமெரிக்க விவசாயிகள் இத்தகைய மணிகளைக் கல்லறைக் கற்கள் என்கின்றனர். நம் களத்து மொழியில் சொன்னால் சாவி. இவை எடை குறைந்தவை. ஆகவே தூற்றுதலும், சல்லடையும், காற்றூதும் யந்திரமும் இவற்றுள் பெரும்பகுதியை விலக்கிவிடும். உருளை சுழலுமுன் நடைபெறும் இந்தச் சுத்திகரிப்பே விஷத்தைக் குறைக்கும் முதற்படி. சொல்லப்போனால் பெரிய படியும் இதுவே. முறத்தில் புடைக்கும் நம் வீட்டுப் பெண்டிர் இதனை எக்காலத்தும் செய்து வருகின்றனர். அதன் முழுப் பயனை மட்டும் எவரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை.

உருளை ஆலையில் 100 கிலோ கோதுமையை அரைத்தால் ஏறக்குறைய 72 முதல் 75 கிலோ வெள்ளை மாவு கிடைக்கும். எஞ்சியது பெரும்பாலும் தவிடு. காளான் வெளியிலிருந்து உள்ளே செல்வதால் விஷம் மேல்தோலில் மிகுந்தும், நடுவிலுள்ள மாவுப்பகுதியில் குறைந்தும் இருக்கும். தோலைப் பிரித்தவுடன் மைதாவில் விஷத்தின் அளவு முழுத் தானியத்தில் இருந்ததைவிடக் குறைகிறது; தவிட்டில் அதைவிட ஏறுகிறது, பல வேளைகளில் இரு மடங்கும் ஆகிறது. காளான் ஆழமாகப் பாய்ந்த மணியாயின் இந்த வேற்றுமை அவ்வளவு தெரியாது. அப்போது மைதாவுக்கும் அபாயம் உண்டு.

இங்கே ஒரு சங்கடம் எழுகிறது. தவிடு நீக்காத மாவே உடலுக்கு நல்லது என்பது உண்மை. நாமும் அதனை மறுக்கவில்லை. ஆனால் கல் இயந்திரத்தில் முழுக் கோதுமையையும் அரைக்கும்போது பிரிப்பது ஒன்றுமில்லை. தானியத்தில் இருந்தது அனைத்தும் மாவில் இருக்கும். எனவே முழு மாவு உண்பவர்க்குச் சுத்தமான தானியமே காவல். அந்தக் காவல் அரைவையில் இல்லை, வாங்குமிடத்தில் இருக்கிறது. சங்கத்துப் பண்டகசாலைக்குக் கோதுமை எடுப்போர் சாக்கின் வாயைப் பார்த்து விலை பேசாமல், அடியிலிருந்தும் ஒரு பிடி எடுத்துச் சாவி எவ்வளவென்று பார்த்தல் வேண்டும். விலை சற்று இறங்கியிருந்தால் இரட்டிப்பாகப் பார்த்தல் நலம்.

அடுத்தது, ஒதுக்கியது எங்கே போகிறது என்பது. தூற்றி எடுத்த சாவியும் கழிவும் பின்வாசல் வழியே மலிவு மாவில் கலக்குமாயின், ஆலையின் உழைப்பெல்லாம் வீண். அம்மாவை வாங்குவோர் நம் தறிக்காரரும் கூலிக்காரருமே அன்றோ! அக்கழிவு தீவனமாகப் போனாலும் கணக்கு முடிந்துவிடாது. தீனியில் கிலோவுக்கு 1, 2 மில்லிகிராம் இருந்தாலே பன்றி உண்பதைக் குறைக்கும். பசுவின் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் இவ்விஷத்தைப் பெரும்பாலும் முறித்துவிடுகின்றன. ஆகையால் மாடு அதனைத் தாங்கும்.

தவிடு கிடங்கில் ஈரம் ஏறிப் பூத்தால் கதை வேறு. அங்கே வளரும் வேறு காளான்கள் அஃப்லடாக்சினை உண்டாக்கலாம். அதன் ஒரு பகுதி உருமாறிப் பாலில் இறங்கும். பால் குழந்தைக்குப் போகிறது. கட்டிதட்டிய தவிட்டை, பழைய வாடை வீசும் தவிட்டை வெயிலில் உலர்த்திவிட்டால் போதும் என்று எண்ணி மாட்டுக்கு வைப்போர் உளர். உலர்த்தினால் ஈரம் போகும், காளான் மேலும் வளராது. முன்னரே ஊறிய விஷம் போகாது. அத்தகைய தவிட்டை எருக்குழியில் கொட்டுவதே முறை.