கருப்பு ஸ்கிரீன் மிரட்டுதா? கைகொடுக்க ஆள் இருக்கு!

திருச்சுழி பக்கம் மழைக்கு வானத்தைப் பார்க்கணும். லேப்டாப் படுத்துவிட்டால் அருப்புக்கோட்டை பஸ்சைப் பார்க்கணும்!

2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. முதலில் வந்தவற்றில் விண்டோசுடன் 'பாஸ்' லினக்சும் இருந்தது. சென்னை சி-டாக் தயாரிப்பு. காசு கிடையாது. ஆனால் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டாமா?

ஆள் இல்லாமல் இல்லை. 1990-களின் கடைசியிலேயே சென்னையில் லினக்ஸ் குழு உருவாகிவிட்டது. மாதம் ஒரு சனிக்கிழமை ஐ.ஐ.டி.யில் கூடிப் பேசினார்கள். காஞ்சிபுரத்திலும் ஒரு குழு. 2012-ல் 'கணியம்' மின்னிதழ் தமிழிலேயே பாடம் நடத்த வந்தது.

பீஸ் கிடையாது. நிபந்தனை ஒன்றுதான். "வேலை செய்யலை அண்ணே" என்று மொட்டையாகக் கேட்கக்கூடாது. என்ன தட்டினாய், ஸ்கிரீனில் என்ன வந்தது? ஒரு எழுத்து விடாமல் சொல்லணும். பாதி வியாதி அதிலேயே தெரிந்துவிடும்! இன்று கேட்கிற தம்பி, நாளை பதில் சொல்கிற அண்ணன்.

லினக்ஸ் பிறந்த கதையும் இதேதான். 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ், வயது 21, "என்ன வசதி வேண்டும்?" என்று ஊர் உலகத்தைக் கேட்டுத்தான் வளர்த்தார்.

பழைய லேப்டாப் பரணில் கிடக்கிறதா? 2 ஜி.பி. மெமரி இருந்தாலே சின்ன லினக்ஸ் ஓடும். முதலில் கல்யாண போட்டோக்களைப் பென் டிரைவில் ஏற்றிவிடுங்கள். டிஸ்க் அழிந்துவிட்டால் மீட்பது குதிரைக்கொம்பு!