நோய் போனது, நோவு போகவில்லை!

2014ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27ஆம் நாள். இந்தியா அடங்கிய தென்கிழக்காசிய வட்டாரத்திலே இளம்பிள்ளை வாதம் இல்லை என்று உலக நலவாழ்வு நிறுவனம் சான்று வழங்கிற்று. 2009இல் இந்நாட்டிலே 741 பேரைத் தாக்கிய நோய், 2011 சனவரியில் மேற்கு வங்கத்துச் சிறுமி ஒருத்தியைத் தாக்கியதோடு அடங்கியது. வீடு வீடாகச் சென்று சொட்டு மருந்து ஊட்டிய ஏழைப் பெண்களின் வெற்றி அது. நாடு மகிழ்ந்தது, நாமும் மகிழ்ந்தோம். மகிழத்தான் வேண்டும்!

ஆனால் தோழர்களே, விழாப் பந்தலைப் பிரித்த பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. நோய் போயிற்று, நோயால் தாக்குண்டவர் எங்கே போனார்?

எங்கும் போகவில்லை. நம் தெருவிலேதான் இருக்கிறார்! தையற்கடையிலே இருக்கிறார், மிதிவண்டிக் கடையிலே இருக்கிறார், சூம்பிய காலின் தொடையைக் கையால் அழுத்தி அழுத்திப் படியேறுகிறார். ஐம்பதைத் தாண்டிய அவர் இன்று சொல்கிறார்: "முன்போல் முடியவில்லை. நல்ல காலும் தளர்கிறது. பொழுது சாய்வதற்குள் உடம்பு ஓய்ந்துவிடுகிறது."

"வயதாகிவிட்டது" என்கிறார் அண்டை வீட்டுக்காரர். "சோம்பல்" என்கிறார் முதலாளி.

சோம்பலா? தசைகளுக்கு ஆணையிடும் நரம்பணுக்கள் முதுகுத் தண்டிலே இருக்கின்றன. வாதக் கிருமி அவற்றிற் பலவற்றைக் கொன்றது. எஞ்சியவை சும்மா இருக்கவில்லை. புதுக் கிளைகள் விட்டு, அநாதையாகக் கிடந்த தசைநார்களையும் தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்டன. பத்துப் பேர் வேலையை மூன்று பேர் தலையிலே கட்டும் ஆலையை நாம் அறிவோம் அல்லவா? அந்த ஆலைதான் அவருடைய உடல்! நாற்பதாண்டு ஓவர்டைம் பார்த்த அந்த நரம்புகள் களைத்துப்போய், விட்ட கிளைகளை இழக்கின்றன என்று மருத்துவர்கள் கருதுகின்றனர்.

போலியோவுக்குப் பிந்தைய தளர்ச்சி இது. பிழைத்தவர்களில் நூற்றுக்கு 25 முதல் 40 பேர் வரை இதற்கு ஆளாகலாம் என்பது ஒரு மதிப்பீடு. தசை தளரும்; மூட்டு வலிக்கும்; குளிர் தாங்காது; சிலருக்கு மூச்சு விடுவதும் உணவு விழுங்குவதும் தொல்லையாகும். பிறருக்குத் தொற்றாது. புதுக் கண்டுபிடிப்பும் அன்று. 1875ஆம் ஆண்டிலேயே பிரான்சு நாட்டு மருத்துவர்கள் எழுதிவைத்த செய்தி!

"முயன்றால் முடியாதது உண்டோ!" என்று அவரை மேடையேற்றிப் பாராட்டினோம். நாம்தான் பாராட்டினோம். அந்த ஓயாத முயற்சியே அவர் நரம்பைத் தின்றிருக்கக்கூடும் என்று ஒருவராவது எண்ணினோமா? தட்டிய கைகளுக்கும் இதிலே பொறுப்பு உண்டு.

இதைத் தீர்க்கும் மருந்து இல்லை. ஆயினும் தளர்ச்சியின் வேகத்தைக் குறைக்க வழியுண்டு. இடையிடையே ஓய்வு, மருத்துவர் அளந்து சொல்லும் பயிற்சி, எடை குறைந்த காலிப்பர், தேவையெனில் சக்கர நாற்காலி. இருபதிலே வீசியெறிந்த ஊன்றுகோலை ஐம்பதிலே எடுப்பது தோல்வியன்று, அறிவுடைமை!

சட்டம் என்ன சொல்கிறது? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. பணியிலிருக்கும்போது ஊனமுற்றவரை அரசு நிறுவனம் நீக்கக்கூடாது, பதவி இறக்கக்கூடாது என்கிறது. நன்று! ஆனால் தையற்கடைத் தோழருக்கு எந்த நிறுவனம்? எந்தப் பதவி? துணி தைத்தால் கூலி, தைக்காவிட்டால் பட்டினி!

ஆகவே கேட்கிறோம். சிறுவயதிலே அளந்த ஊனத்தை, அது கூடியிருக்கும் இந்நாளிலே அலைக்கழிக்காமல் மறுபடி அளந்து சான்று தருக! மாவட்ட மருத்துவமனைதோறும் இத்தளர்ச்சியை அறிந்த மருத்துவர் இருக்கட்டும்! கூலித் தொழிலாளிக்கு ஓய்வும் உதவித்தொகையும் உரிமையாகட்டும்!

ஆட்சியாளரைக் கேட்பதோடு நம் வேலை முடியவில்லை. நம் படிப்பகம் மாடியிலே இருக்கிறதா? கீழே இறக்குவோம். கூட்டத்திலே அவர் நிற்கிறாரா? நாற்காலி போடுவோம். "முடியவில்லை" என்று அவர் சொல்லும்போது நம்புவோம்.

கிருமியை வென்றது நாடு. அது விட்டுச்சென்ற கடனை அந்த மனிதர் ஒருவரே தம் எலும்பும் நரம்பும் தேயக் கட்டிக்கொண்டிருப்பதா? பங்கு கொள்வோம், தோழர்களே!