911-ம் எண் அறை எங்கே போச்சு? ஹோட்டல் புக்கிங்கும் தொற்று பயமும்

ஹாங்காங்கின் கவுலூன் பகுதியில் மெட்ரோபோல் என்றொரு ஹோட்டல். 2003 பிப்ரவரி 21 அன்று, சீனாவின் குவாங்டாங் மாகாணத்திலிருந்து வந்த டாக்டர் ஒருவர், 9-வது மாடியில் 911-ம் எண் அறையில் தங்கினார். அவருக்கு சார்ஸ் தொற்று. தங்கியது ஒரே ஒரு இரவுதான். அதே மாடியில் தங்கிய மற்றவர்களோடு வைரஸும் சிங்கப்பூர், ஹனோய், டொராண்டோ என விமானம் ஏறிவிட்டது.

ஏப்ரல் 2-ம் தேதி உலக சுகாதார நிறுவனம், ‘அவசியம் இல்லாமல் ஹாங்காங் போக வேண்டாம்’ என்றது. அடி விழுந்தது அந்த ஒரு ஹோட்டலுக்கு மட்டுமல்ல. வழக்கமாக 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பும் ஹாங்காங் ஹோட்டல்களில், மே மாதம் ஐந்தில் ஒரு அறைகூட நிரம்பவில்லை. நோயாளி யாரும் எட்டிப் பார்க்காத ஹோட்டலும் காத்து வாங்கியது. பயம்னா அப்படித்தான், கட்டடத்தைப் பார்க்காது, ஊர்ப் பெயரைத்தான் பார்க்கும்.

சரி, ரூம் எடுக்கும்போது நாம் எதைப் பார்க்கிறோம்? பெட்ஷீட் வெள்ளையா, பாத்ரூம் பளிச்சா என்றுதானே? மெட்ரோபோலில் தொற்றியவர்களில் பலர் அந்த டாக்டரின் அறைக்குள் போனதே இல்லை. பிறகு ஆய்வு செய்தவர்களுக்கு வைரஸின் தடயம் கிடைத்தது அறை வாசல் தரைவிரிப்பிலும் லிஃப்ட் பக்கமும். அதெல்லாம் புக்கிங் ஆப் போட்டோவில் தெரியாது.

அந்த ஹோட்டல் பின்னாளில் மெட்ரோபார்க் எனப் பெயரை மாற்றிக்கொண்டது. 911-ஐயும் விட்டுவைக்கவில்லை; அறைக் கதவில் 913 என்று எண்ணை மாற்றினார்கள்.