கோடரிக்குத் தடை, குப்பைக்குத் தடை எங்கே?

புதுடெல்லி: மகாராஷ்டிரத்தின் அலையாத்திக் காடுகளை வெட்டுவதற்கும் அவற்றில் குப்பை கொட்டுவதற்கும் மும்பை உயர் நீதிமன்றம் 2005-ல் தடை விதித்தது. அவற்றை அழிப்பது குடிமக்களின் அடிப்படை உரிமையைப் பறிப்பதாகும் என்று 2018-ல் தீர்ப்பும் அளித்தது. ஆயினும் மும்பையின் மாஹிம் கழிமுகத்தில் மரங்களின் வேர்களைப் பிளாஸ்டிக் பைகள் சுற்றிக் கிடக்கின்றன.

இவையெல்லாம் லாரியில் வந்தவை அல்ல. சாக்கடைகளும் மித்தி ஆறும் சுமந்து வரும் குப்பையைக் கடல் ஓதம் காட்டுக்குள் தள்ளுகிறது. ஓதம் வடிகையில் வேர்களில் அது சிக்கிக்கொள்கிறது.

சேற்றில் காற்றில்லாததால் இம்மரங்கள் மூச்சுவேர்களை மண்ணுக்கு மேலே நீட்டிச் சுவாசிக்கின்றன. பிளாஸ்டிக் அவற்றை மூடினால் மரம் மெல்லப் பட்டுப்போகும். புதுக் கன்றுகள் வேரூன்றவும் இடமிராது.

ஒருமுறை மட்டும் பயன்படும் உறிஞ்சுகுழல், தட்டு, கரண்டி முதலியவற்றை மத்திய அரசு 2022 ஜூலை 1 முதல் தடை செய்தது. தின்பண்ட உறைகளும் தண்ணீர் பாட்டில்களும் அப்பட்டியலில் இல்லை. அவற்றைத் திரும்பப் பெறுவது உற்பத்தியாளரின் பொறுப்பு என்கின்றன விதிகள். ஆனால், காட்டுக்குள் ஒதுங்கிய உறைக்கு யார் பொறுப்பு?

மரத்தை வெட்டியவர் மீது வழக்குத் தொடரலாம். சாக்கடையின் மீது தொடர முடியாது. கடல் சீற்றத்திலிருந்து மும்பையைக் காக்கும் அரணை, அந்நகரின் கழிவே அரித்து வருகிறது.