இழுபடாத எழுத்து

மதுரையில் கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்கக் கணினியில் எழுத்துகளோடுதான் பிழைப்பு. தெருவில் இறங்கினாலும் கடைக்குள் இருக்கும் சரக்கு என் கண்ணில் படுவதில்லை, மேலே இருக்கும் போர்டுதான் படும்.

கையால் எழுதிய போர்டின் அருமை தெரிய வேண்டுமானால், பலகை நீளமாகவும் பெயர் குட்டியாகவும் உள்ள கடைகளைப் பாருங்கள். பிளெக்ஸ் என்றால், அதை வடிவமைத்தவர் எழுத்தின் ஓரத்தைப் பிடித்துப் பலகை நிறையும் வரை இழுத்திருப்பார். நிமிர்ந்த கோடுகள் வீங்கிப்போகும், படுக்கைக் கோடுகள் மெலிந்தே கிடக்கும், மெய்யெழுத்தின் புள்ளி முட்டையாகிவிடும். எங்கள் தொழில்காரர்கள் செய்கிற பாவங்களில் இதுதான் பெரியது.

பெயின்டரால் அப்படிச் செய்யவே முடியாது. இதைப் பற்றி ஒருவரிடம் கேட்டேன். “பிரஷ் ஒண்ணுதானம்மா. அது எம்புட்டு அகலமோ கோடு அம்புட்டுத்தான். எழுத்தோட வயித்தத்தான் பெருசு பண்ணணும்” என்றார். ‘ண’வின் சுழிகளைத் தாராளமாக விடுவார், ‘ட’வின் அடிக்கோட்டை நீட்டுவார், எழுத்துக்கு எழுத்து இடைவெளியைக் கூட்டுவார். கோட்டின் கனம் மட்டும் மாறாது.

தமிழ் எழுதுவதில் இன்னொரு சிக்கல் உண்டு. ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு போதும். நமக்கு ‘கி’யின் மேல்விலங்கு மேலே ஏறும், ‘பு’, ‘சு’வின் இறங்கு கீற்று கீழே தொங்கும். இரண்டு வரி போர்டில் மேல் வரியின் கீற்றும் கீழ் வரியின் விலங்கும் முட்டிக்கொள்ளும். நல்ல பெயின்டர் பொடி தடவிய நூலைச் சுண்டிக் கோடு போடும்போதே இதைக் கணக்குப் பண்ணிவிடுவார். பிறகு சாக்பீஸில் உருவம், அதற்குள் எனாமல் பெயின்ட், கடைசியில் ஷேடு. எல்லா எழுத்துக்கும் ஷேடு ஒரே பக்கம் விழ வேண்டும், ஒன்று மாறினாலும் பலகை கோணலாகத் தெரியும். புள்ளியில்தான் ஆளுக்கு ஆள் கைவண்ணம்: வட்டம் வைப்பவர், வைரம் வைப்பவர், நட்சத்திரம் வைப்பவர். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் வைக்காமலே விட்ட புள்ளிக்கு இப்படியொரு வாழ்வு!

பழைய போர்டுகளில் ‘சென்னை’, ‘மாலை’, ‘விலை’ என்ற சொற்களைத் தேடிப் பாருங்கள். ‘னை’யும் ‘லை’யும் தலையில் தும்பிக்கை தூக்கிய பழைய வடிவில் இருக்கும். பெரியார் 1935-இல் தம் ‘குடி அரசு’ இதழில் தொடங்கிவைத்த எழுத்துச் சீர்திருத்தத்தை, 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாக்கியது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகள் மாறின. அச்சும் பாடநூலும் மாறிய பிறகும் சுவர்களில் தும்பிக்கை வெகுநாள் நீடித்தது. குருவிடம் பழகிய கை அவ்வளவு எளிதில் மாறுமா? போதாததற்கு, பழைய வடிவம் இடத்தையும் மிச்சம் பிடிக்கும். ஒரு போர்டின் வயதை ஊகிக்க எனக்கு இதுவே முதல் தடயம். சீர்திருத்தம் நல்லதுதான், தட்டச்சு செய்கிற நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அழகில் தும்பிக்கைக்குத்தான் என் ஓட்டு.

கடைப் பலகைக்கு வெளியே, பத்திரிகை, நூல் தலைப்புகளுக்கும் கையாலேயே எழுத்து வரைந்தவர் ஓவியர் ஆதிமூலம் (1938–2008). இன்று கணினியிலும் நல்ல எழுத்துருக்கள் வந்துவிட்டன. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் உருவாக்கிய ‘கவிவனார்’ கையெழுத்துச் சாயலில் சாய்ந்து நிற்கும், இலவசமாகவே கிடைக்கிறது. டெல்லியில் ஹனிஃப் குரேஷி, தெரு பெயின்டர்களின் எழுத்துகளை அவரவர் பெயரிலேயே எழுத்துருவாக்கினார். நல்ல வேலைதான். இருந்தாலும் எழுத்துருவில் மூன்று ‘க’ வந்தால் மூன்றும் அச்சு அசலாக ஒன்றே. கையால் எழுதியதில் பக்கத்து எழுத்துக்கு இடம்விட்டு மூன்றும் மூன்று விதமாக நிற்கும்.

கடைப் பலகையில் தமிழ் முதலில் வர வேண்டும், தமிழ், ஆங்கிலம், பிற மொழிகள் 5:3:2 என்ற அளவில் இருக்க வேண்டும் என்கிறது தமிழக அரசு விதி. அளவைச் சொல்ல விதியால் முடியும், அழகைக் கடைக்காரர்தான் கேட்டு வாங்க வேண்டும்.

எனவே கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய போர்டைக் கழற்றிப் போடுமுன் அதன் கீழ் மூலையைப் பாருங்கள். பொடி எழுத்தில் ஏதோ ஒரு ‘ஆர்ட்ஸ்’ என்று பெயரும், சிலவற்றில் போன் நம்பரும் இருக்கும். ஒருமுறை அழைத்துப் பேசுங்கள். ஆள் இன்னும் தொழிலில் இருந்தால், ஷட்டரையாவது அவரிடம் எழுதக் கொடுங்கள்.