செவிக்கு ஒரு விரியலாக்கி வேண்டுமா?

செவியாற் பெறும் அறிவின் சிறப்பை உணர்ந்து, கல்வி, கல்லாமை என்பவற்றை அடுத்துக் கேள்விக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார் திருவள்ளுவர். அக்காலத்துக் கேள்வி கற்றோர் வாயினின்று நேரே கேட்போர் செவியிற் புகுந்தது. இக்காலத்துக் கேள்வியிற் பெரும்பகுதி கைத்தொலைபேசியிலிருந்து ஹெட்போன் வழியே வருகின்றது. மாணவன் பாடங் கேட்பதும், முதியோர் தேவாரமும் கிராஅத்தும் கேட்பதும், கடல் கடந்து வாழும் மகனின் குரலைத் தாய் கேட்பதும் அதன் வழியேதான். ஆதலின், அக்கருவியோடு இணைத்தற்குரிய சிறு விரியலாக்கி ஒன்றை விலைகொடுத்து வாங்குதல் தகுமா என்னும் வினா, விளையாட்டுப் பொருளைப் பற்றிய வினா எனத் தள்ளத்தக்கதன்று.

இவ்வினாவை எம்மிடம் முதலிற் கொணர்ந்தவர் இளைஞர் அல்லர். அவர் சாய்ந்தமருதில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர். இத்தொழிலில் எமக்கு வழிகாட்டியாய் நின்ற பெரியார். நாகூர் ஹனிபாவின் பாடல்களிலும் பழைய வானொலி நாடகங்களிலும் தோய்ந்த நெஞ்சினர். ஒருநாள் மாலை அவர் எம்மை அழைத்து, "தம்பி, இந்த ஹெட்போனிலே சத்தம் காணாது. ராகம் விளங்குது, சொல்லு விளங்குதில்லை. கட்டாரில் இருக்கிற மகன் அம்பிளிபயர் ஒன்று அனுப்பட்டா என்று கேட்கிறான். என்ன சொல்ல?" என்றார். இரண்டு நாள் தவணை கேட்டு மீண்டோம். அதன்பின் ஆராய்ந்து தெளிந்தவற்றைப் பழைய மாணவருக்கும் இன்றைய மாணவருக்கும் பயன்படுமெனக் கருதி ஈண்டுத் தருகின்றோம்.

முதலிற் பெயரைத் தெளிவுபடுத்துவோம். கல்முனைக் கடைத்தெருவில் அம்பிளிபயர் என்றால், கலியாண வீட்டிலும் திருவிழாவிலும் ஒலிபெருக்கி பூட்டுவோர் வைத்திருக்கும் பெரிய பெட்டியே எவர்க்கும் நினைவில் வரும். நம் பௌதிகவியற் பாடநூல்கள் அதனை விரியலாக்கி என்கின்றன. யாம் இங்கு எடுத்துக்கொண்டது சட்டைப்பையில் அடங்கும் சிறியதொரு விரியலாக்கி. வலுக்குறைந்த மின்சைகையைப் பெற்று, பற்றரியிலுள்ள வலுவைக்கொண்டு அதனை வலுமிக்கதாக்கி, ஹெட்போனுக்கு அளிப்பதே அதன் தொழில்.

இங்கே ஓர் உண்மையை மறத்தலாகாது. கம்பி ஹெட்போனைப் பூட்டும் துளையுள்ள கைத்தொலைபேசி ஒவ்வொன்றினுள்ளும் ஒரு சிறு விரியலாக்கி முன்னரே உண்டு. 2016ஆம் ஆண்டில் ஐபோன் 7 அத்துளையின்றி வெளிவந்தது. பின்னர் வேறு பல தொலைபேசிகளும் அவ்வாறே வந்தன. அவற்றோடு நாம் பூட்டும் குட்டிக் கம்பியிலும் பெரும்பாலும் ஒரு விரியலாக்கி பொதிந்துள்ளது. புளூடூத் ஹெட்போனிலோ அது செவிமூடிக்குள்ளேயே இருக்கின்றது. ஆதலின் புளூடூத் வழியே கேட்போர்க்கு வெளியே ஒன்றை வாங்கிப் பூட்டுவதாற் பயன் யாதுமில்லை. ஏனையோர்க்கும் வினா, 'விரியலாக்கி வேண்டுமா?' என்பதன்று, 'உள்ளது போதாதா?' என்பதேயாம்.

சாய்ந்தமருதை அடுத்துள்ள காரைதீவிலே 1892ஆம் ஆண்டிற் பிறந்தவர் சுவாமி விபுலாநந்தர். தமிழ்ப் பேராசிரியராய் விளங்கிய அவர் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியுமாவார். பழந்தமிழிசையைக் கணிதத் துணையோடு ஆராய்ந்து அவர் இயற்றிய யாழ் நூல் 1947ஆம் ஆண்டில் அரங்கேறியது. அந்த யாழையே நமக்கு உவமையாகக் கொள்வோம். யாழின் நரம்பு தனித்து நின்றால் அதன் ஒலி அருகிருப்போர்க்கும் அரிதிற் கேட்கும். பத்தர் என்னும் உறுப்பே அதனை அவையோர் செவிக்கு எட்டச் செய்கின்றது. பத்தர் புதிய வலுவைப் படைப்பதில்லை. நரம்பின் அதிர்வைக் காற்றுக்குச் செவ்வனே கைமாற்றுகின்றது. விரியலாக்கியோ பற்றரியிலிருந்து புதிய வலுவைச் சேர்க்கின்றது. எனினும் இரண்டுக்கும் ஒரு பொதுமை உண்டு. பிழைபடக் கட்டிய நரம்பைப் பத்தர் திருத்தாது. பதிவில் இல்லாத தெளிவை விரியலாக்கியும் தாராது.

இனி, உள்ள வலு போதுமா என்பதைக் கணித்தறியும் வழியைக் காண்போம். ஹெட்போனின் பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று தடங்கல், அது ஓமிற் கூறப்படும். மற்றொன்று உணர்திறன், 1 மில்லிவாற்று வலு கொடுத்தால் எத்தனை டெசிபெல் ஒலி எழும் என்பதை அது காட்டும். சிலர் மில்லிவாற்றுக்குப் பதிலாக 1 வோல்ற்றுக்குரிய அளவைப் பொறிப்பர். எது என்பதை நோக்கிய பின்னரே கணித்தல் வேண்டும். வோல்ற்றளவின் வர்க்கத்தைத் தடங்கலால் வகுத்தால் வலு வரும். வலு இருமடங்கானால் ஒலி 3 டெசிபெல்லும், பதின்மடங்கானால் 10 டெசிபெல்லும் உயரும்.

32 ஓம் தடங்கலும் 100 டெசிபெல் உணர்திறனும் உடைய எளிய ஹெட்போன் ஒன்றைக் கொள்வோம். 1 வோல்ற்று கொடுத்தால் அது ஏறத்தாழ 31 மில்லிவாற்றுப் பெறும். ஒலி 115 டெசிபெல்லை எட்டும். கேட்போர்க்கு இதமான சராசரி ஒலி 70 முதல் 75 டெசிபெல் வரையிலாம். மிருதங்கம் முழங்கும் கணத்தில் அதற்கு மேலும் 20 டெசிபெல் உயரலாம். மெலிந்த பதிவுகளுக்கென 10 டெசிபெல் கூட்டிக்கொண்டாலும் 105 போதும். எனவே இந்த ஹெட்போனுக்கு வேறு விரியலாக்கி வேண்டுவதில்லை. அரை வோல்ற்றே தரும் தொலைபேசியிலும் அது 109 டெசிபெல் தரும்.

300 ஓம் தடங்கலும் 97 டெசிபெல் உணர்திறனும் உடைய மற்றொன்றை எடுப்போம். அரை வோல்ற்றில் இது 1 மில்லிவாற்றுக்கும் குறைவாகவே பெறும். ஒலி 96 டெசிபெல்லோடு நின்றுவிடும். 3 வோல்ற்றுத் தரும் விரியலாக்கியைப் பூட்டினால் 112 டெசிபெல் வரை செல்லும். இங்கே அக்கருவி தன் விலைக்கு வேலை செய்கின்றது. சென்ஹைசர் எச்டி 600, எச்டி 650 ஆகியவை 300 ஓம் தடங்கல் உடையன. பெயர்டைனமிக் டிடி 770 புரோ என்பதோ 32, 80, 250 ஓம் எனப் பலவகையாக வந்துள்ளது. பெயர் ஒன்றாயினும் எண் வேறாகலாம் என்பதை வாங்குவோர் கருத்திற் கொள்வாராக.

கணிதம் இவ்வளவே. ஆயினும் 'சத்தம் காணாது' என்பவர் எல்லோர்க்கும் குறை ஓரிடத்தில் இருப்பதில்லை. அஃது ஐந்து இடங்களில் இருக்கக்கூடும்.

முதலாவது, பதிவே மெலிதாயிருக்கலாம். பழைய ஒலிநாடாவிலிருந்து பிரதி செய்தவை பெரும்பாலும் இத்தகையன. கணினியில் அப்பதிவின் ஒலியளவை உயர்த்திக்கொள்ளலாம், செலவு இல்லை. இரண்டாவது, கருவியின் நிலை. தொலைபேசியில் ஒலிக்கு வரம்பு இடப்பட்டிருக்கலாம். துளையில் தூசி அடைந்திருக்கலாம். செவியுள் வைக்கும் இறப்பர் முனை பொருந்தாதிருக்கலாம். மூன்றாவது, சுற்றியுள்ள இரைச்சல். மருதமுனையிற் கைத்தறிகள் இயங்கும் கொட்டகையிலோ, அக்கரைப்பற்றிலிருந்து மட்டக்களப்பு செல்லும் பேருந்திலோ பாட்டுக் கேட்பவர், இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டுவர். அவர்க்கு வேண்டியது இரைச்சலைத் தடுக்கும் செவிமூடியேயன்றி விரியலாக்கி அன்று. நான்காவது, ஹெட்போன் கேட்கும் வலுவைத் தொலைபேசி தரமாட்டாமை. விரியலாக்கி தீர்க்கும் குறை இது ஒன்றே. ஐந்தாவது, கேட்பவரின் செவி.

மூன்றாம் நாள் பெரியாரிடம் சென்று, இவ்வரிசைப்படியே ஆராய்ந்தோம். புதிய பதிவுகளும் அவர்க்கு விளங்கவில்லை. துளையும் வரம்பும் செவ்வையாயிருந்தன. வீடு அமைதியாயிருந்தது. ஹெட்போன் 32 ஓம். பின்னர் அவருடைய பேரனை அழைத்து அதே பாட்டைக் கேட்பித்தோம். அவன் பாதி ஒலியிலேயே, "காணும், காணும்" என்று கையசைத்தான். பெரியாரோ முழு ஒலியிற் கேட்டும், யாம் பின்னின்று 'பாட்டு' என்று சொன்னதைப் 'பாக்கு' என்றார்.

இதன் காரணத்தைத் தமிழாசிரியர் எளிதில் உணர்வர். உயிரொலிகளின் வலு பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் உள்ளது. வல்லின மெய்களை ஒன்றினின்று ஒன்று பிரித்துக் காட்டும் வெடிப்பும் உரசலுமோ உயர்ந்த அதிர்வெண்களில் அமைந்தவை, வலுவிலும் மெலியவை. முதுமையில் முதற்கண் மங்குவது அவ்வுயர்ந்த அதிர்வெண்களைக் கேட்கும் ஆற்றலே. ஆதலின் ராகம் விளங்கும், சொல் விளங்காது. விரியலாக்கி எல்லா அதிர்வெண்களையும் ஒருசேர உயர்த்தும். கேட்பதை இன்னும் உரக்கக் கேட்பிக்குமேயன்றிக் கேளாததைத் தெரிந்து உயர்த்தாது. அதனைச் செய்வது, செவிப்புலனை அளந்து அவரவர்க்கு ஏற்ப அமைக்கப்படும் காது மெஷின் ஆகும்.

இதனைச் சொன்னபோது பெரியார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அம்பிளிபயர் பூட்டினால் பாட்டுப் பிரியன் என்பார்கள், தம்பி. காது மெஷின் பூட்டினால் கிழவன் என்பார்கள்" என்றார். அச்சொல் எம்மைச் சுட்டது. பொருளின்மேல் வைத்த ஆசையன்று, முதுமையை ஒப்புக்கொள்ளக் கூசிய நெஞ்சே அப்பெட்டியைத் தேடியது என்பதை அப்போதுதான் உணர்ந்தோம். வகுப்பிற் கண்ணாடி அணிந்தே எமக்கு நெறிகாட்டிய அவரை, கண்ணாடிக்கு நாணாதவர் இதற்கு ஏன் நாணவேண்டும் என்று கேட்டோம். அவர் நகைத்தார். மறுவாரம் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் சென்றார். செவிப்புலன் பரிசோதனையும் அதனையே காட்டியது. மகன் அனுப்பிய பணம் காது மெஷினுக்குச் சென்றது. இப்போது பேரன் ஒன்றை இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை.

இளைஞர்க்கு இதே உண்மையை மறுபுறமாக உரைக்க வேண்டும். பெரியாரின் குறை முதுமையால் வந்தது. மிகையொலியால் அஃது இளமையிலேயே வரக்கூடும். 80 டெசிபெல் ஒலியை வாரத்தில் 40 மணிநேரம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. 90 டெசிபெல் ஆனால் அது 4 மணிநேரமாகச் சுருங்கும். விரியலாக்கியின் திருகை 10 டெசிபெல் அளவு கூட்டுபவன் கேட்கும் காலத்திற் பத்தில் ஒன்பது பங்கை இழக்கின்றான். உட்செவியில் அழிந்த மயிர்க்கலங்கள் மீண்டும் முளைப்பதில்லை.

இவ்வளவும் ஆராய்ந்த பின்னும் வாங்கக் கருதுவோர்க்கு மூன்று குறிப்புகள். ஒன்று: பணம் அளவாயிருப்பின் அதனை முதலில் நல்ல ஹெட்போனிற் செலவிடுக, ஒலியின் தன்மையை மிகுதியும் மாற்றுவது அதுவே. இரண்டு: விரியலாக்கியின் வெளியீட்டுத் தடங்கல் ஹெட்போனின் தடங்கலில் எட்டில் ஒன்றுக்கு மேற்படாதிருத்தல் நன்று, மேற்படின் சிலவற்றில் ஒலியின் சமநிலை மாறும். உணர்திறன் மிக்க சிறு செவிக்கருவிகளில் வலிய விரியலாக்கி சீறொலியும் எழுப்பலாம். மூன்று: கடையில் ஒப்புநோக்கும்போது இரண்டின் ஒலியளவையும் சமமாக்கிக் கேட்க. சற்றே உரத்த ஒலியை மனம் இனிய ஒலியென மயங்கும். நண்பன் ஒருவன் மாற்றி மாற்றிப் பூட்ட, எது எதுவென்று அறியாது கேட்டு வேறுபாடு காணாதவன், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்வது அறிவுடைமை.

கடல் கடந்து வாழும் பழைய மாணவர் விடுமுறைக்கு வரும்போது பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் பரிசுப்பொருள் கொணர்தல் நம் கல்லூரி வளர்த்த பண்புகளுள் ஒன்று. இவ்விழா ஆண்டில் அவர்க்கு எமது வேண்டுகோள் இதுவே: பெட்டியை வாங்குமுன் பெற்றோரின் அருகமர்ந்து, மெல்லிய குரலிற் சிறிதுநேரம் உரையாடிப் பாருங்கள். வேண்டுவது எது என்பது அவ்வுரையாடலிலேயே புலப்படும்.