காருக்கேற்ற கூடார வண்டி

அவுஸ்திரேலியாவில் டிசம்பரும் ஜனவரியும் கோடை காலம். பாடசாலைகளுக்கு நீண்ட விடுமுறை. மெல்பேர்ணிலும் சிட்னியிலும் குடியேறி வாழும் எம்மவர் குடும்பங்களும் இந்நாட்களில் பிள்ளைகளோடு கடற்கரைக்கும் மலைப்பக்கத்துக்கும் புறப்படுவதுண்டு. நாலைந்து பேருள்ள குடும்பம் ஹோட்டலில் தங்கினால் செலவு கட்டுப்படியாகாது. காரின் பின்னால் கொழுவி இழுத்துச் செல்லும் கூடார வண்டி ஒன்றிருந்தால் இரவு தங்கலாம், நமக்கேற்ற உணவைச் சமைக்கலாம், நேரத்துக்குத் தொழலாம். அங்கே இதனைக் 'கெம்பர் ட்ரெய்லர்' என்பார்கள். நமது வயற்புறங்களில் உழவு இயந்திரத்தில் கொழுவும் பெட்டியை நினைத்துக் கொள்ளுங்கள். அந்தப் பெட்டிக்குள் கூடாரமும் படுக்கையும் அடுப்பும் மடங்கிக் கிடந்தால் எப்படியோ, அதுதான் இது.

ஆனால், உழவு இயந்திரம் இழுப்பதையெல்லாம் ஒரு சிறிய கார் இழுத்துவிடாது. "வண்டி வாங்குவது ஆண்களின் வேலை" என்று நீங்கள் ஒதுங்கி விடாதீர்கள் சகோதரிகளே! அந்த வண்டிக்குள் என்ன ஏற்றுவது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவர் நீங்கள்தான். வண்டி பாரமா, இலேசா என்பதும் அதில்தான் தங்கியிருக்கிறது.

முதலில் காரைப் பாருங்கள்

ஒவ்வொரு காருக்கும் அது இழுக்கக்கூடிய நிறையைத் தயாரித்தவர்களே குறித்திருக்கிறார்கள். காரோடு தரும் கைந்நூலில் அதைக் காணலாம். ஒரே பெயருள்ள கார்தானே என்று எண்ணி ஏமாந்துவிட வேண்டாம். 2019இல் அவுஸ்திரேலியாவில் விற்பனைக்கு வந்த டொயோட்டா ரேவ்-4 காரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஹைபிரிட் வகையில் நான்கு சில்லுகளும் இயங்கும் கார் 1,500 கிலோ வரை இழுக்கலாம். இரண்டு சில்லுகள் மட்டும் இயங்கும் காருக்கு 480 கிலோதான் அனுமதி! வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும்.

காரில் பொருத்தும் இழுவைச் சட்டத்துக்கும் தனியாக ஓர் அளவுண்டு. கார், சட்டம், வண்டி ஆகிய மூன்றின் அளவுகளிலும் எது மிகக் குறைந்ததோ அதுவே உங்கள் எல்லை.

விளம்பரத்தில் சொல்லும் நிறை

விற்பவர்கள் பெரிய எழுத்தில் போடுவது வண்டியின் வெறும் நிறையை. அதாவது, தண்ணீரும் சாமான்களும் ஏற்றாத நிறை. நீங்கள் பார்க்க வேண்டியது வண்டியில் பதித்துள்ள தகட்டில் 'ஏ.டி.எம்.' என்று குறித்திருக்கும் எண். பணம் எடுக்கும் இயந்திரம் அல்ல இது! எல்லாம் ஏற்றிய பின் வண்டி எவ்வளவு நிறைக்கலாம் என்பதன் உச்ச அளவு. இந்த எண்ணிலிருந்து வெறும் நிறையைக் கழித்தால் நீங்கள் ஏற்றக்கூடிய பாரம் தெரியவரும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். உங்கள் கார் 1,000 கிலோ இழுக்கும். வண்டியின் வெறும் நிறை 750 கிலோ. "இன்னும் 250 கிலோ இருக்கிறதே, தாராளம்" என்று தோன்றும். இனி ஏற்றுவோம்.

தண்ணீர் 60 லீட்டர் - 60 கிலோ
சிறிய கேஸ் சிலிண்டர் இரண்டு - 16 கிலோ
சாதாரண பெட்டரி - 30 கிலோ
பக்கக் கூடாரமும் கம்பிகளும் - 35 கிலோ
மேசை, கதிரைகள் - 20 கிலோ
குளிர்பெட்டியும் உணவும் - 45 கிலோ
அடுப்பு, சட்டி, பானை - 25 கிலோ
உடுப்பு, படுக்கை - 50 கிலோ

கூட்டிப் பாருங்கள்: 281 கிலோ. வண்டியோடு 1,031 கிலோ! எல்லையைத் தாண்டிவிட்டீர்கள்.

இதற்காகப் பயணத்தைக் கைவிடத் தேவையில்லை. குடிக்கவும் வழியில் வுழூச் செய்யவும் வேண்டிய தண்ணீரைக் காரில் எடுத்துக்கொண்டு, வண்டியின் தொட்டியை, தண்ணீர் வசதியுள்ள முகாமிடமானால், அங்கே போய் நிரப்பினால் 60 கிலோ குறையும். பக்கக் கூடாரத்தை வீட்டில் வைத்தால் 35 கிலோ. இப்போது 936 கிலோ. கனத்த இரும்புச் சட்டிகளுக்குப் பதிலாக அலுமினியச் சட்டி இரண்டு போதாதா? எல்லையில் பத்திலொரு பங்கையாவது மிச்சம் வைப்பது நல்லது. அந்தக் கணக்குப்படி 900 கிலோவுக்குள் நின்றுகொள்ளுங்கள்.

பிரேக் உண்டா?

அவுஸ்திரேலியச் சட்டப்படி மொத்த நிறை 750 கிலோவுக்கு மேற்படாத வண்டிக்குத் தனிப் பிரேக் கட்டாயமில்லை. அதைத் தாண்டினால் பிரேக் வேண்டும். ஆனால், பிரேக் இல்லாத வண்டியை இழுக்கக் காருக்கு வேறோர் அளவு உண்டு. அது பெரும்பாலும் மிகக் குறைவு. சிறிய கார்கள் சிலவற்றுக்கு 500 கிலோவையும் எட்டாது. ஆகவே, சிறிய வண்டியானாலும் பிரேக் உள்ளதையே கேளுங்கள். மலைச்சரிவில் இறங்கும்போது பின்னாலுள்ள பாரம் முழுவதும் காரைத் தள்ளிக்கொண்டு வரும். காருக்குள் இருப்பவர்கள் உங்கள் பிள்ளைகள் என்பதை மறவாதீர்கள்.

எந்த வகை?

கண்ணீர்த்துளி வடிவில் தாழ்வாக இருக்கும் வண்டி 1930களில் அமெரிக்காவில் தோன்றியது. உள்ளே இருவர் படுக்கலாம். பின்கதவைத் தூக்கினால் சமையலிடம். இலேசானது, காற்றையும் அதிகம் எதிர்க்காது. ஆனால், பிள்ளைகளுக்கு வெளியே கூடாரம் அடிக்க வேண்டும். சிறு பிள்ளைகள் உள்ளவர்களுக்குத் துணிக்கூடாரம் மடித்து வைத்த வண்டியே பொருத்தம். விரித்தால் நாலைந்து பேர் படுக்க இடமுண்டு. கூரை உயர்ந்த, சுவருள்ள கரவன் வசதியானதுதான். ஆனால், நிறையோடு காற்றின் எதிர்ப்பும் சேர்வதால் சிறிய கார் திணறிப் போகும், பெற்றோலும் கூடுதலாகச் செலவாகும்.

அடுக்கும் முறை

பாரமானவற்றை வண்டியின் அச்சுக்கு மேலே, தரையோடு வையுங்கள். எல்லாவற்றையும் பின்புறம் குவித்தால் வேகமாகப் போகும்போது வண்டி பாம்பு போல் நெளியும், காரையும் புரட்டிவிடக்கூடும். மொத்த நிறையில் ஏறக்குறைய பத்திலொரு பங்கு, காரோடு கொழுவும் இடத்தில் அழுத்த வேண்டும். 900 கிலோ வண்டி என்றால் 90 கிலோ. இதற்கும் கார் தயாரித்தவர்கள் ஓர் எல்லை குறித்திருப்பார்கள், அதையும் பாருங்கள். அந்த 90 கிலோ காரின் மேல் ஏறும் பாரம். காரில் இருப்பவர்களையும் பின்பெட்டியிலுள்ள சாமான்களையும் அதோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

வாங்கிய பின், எல்லாம் ஏற்றி ஒருமுறை பொது நிறுவை மேடையில் நிறுத்துப் பாருங்கள். செலவு சொற்பம். எல்லை மீறிய பாரத்தோடு விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் நட்டஈடு தர மறுக்கவும் கூடும்.

எனவே, வண்டி பார்க்கப் போகுமுன் வீட்டுத் தராசை எடுங்கள். கொண்டு போக நினைக்கும் சாமான்களை ஒவ்வொன்றாக நிறுத்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்தக் கொப்பியும் காரின் கைந்நூலும் கையில் இருந்தால், விற்பவரின் பேச்சில் நீங்கள் மயங்கவேண்டி வராது.